சகலையின் ரப்பர் மீன்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். காதோரம் நரைத்து, தன் மூக்கிலேயே படிக்கிற கண்ணாடி ஏறிய பிறகும் சின்னவர்தான். ஏனென்றால் பெரியவர் என்று ஒருத்தர் இருந்தார். பெரியவர் கடைக்கு முதலாளி, சின்னவருக்குச் சகலை. அக்காவை அவர் கட்டியிருந்தார், தங்கையை இவர் கட்டியிருந்தார். தெருவைப் பார்த்தாற்போலக் கடை, அதன் பின்னால் பெரியவர் வீடு, அதன் மாடியில் சின்னவர் வீடு. வேலைக்குப் போக மாடிப்படி இறங்கினால் போதும் என்று தெரிந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். வேலை முடிந்து விலகிப் போகிற தூரமும் அவ்வளவுதான் என்பதை ஒருத்தரும் யோசித்துப் பார்க்கவில்லை.

சின்னவர் வேலை பார்த்த லென்ஸ் தொழிற்சாலையை மூடியபோது, பெரியவர்தான் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து கட்டில், பீரோ, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். அதை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. மாடிக்கு வாடகை என்ற பேச்சே எடுத்ததில்லை. "வாங்க தம்பி, போங்க தம்பி" தவிர, வாய் தவறிக்கூட "நீ" என்று சொன்னதில்லை. ஒரு நாளாவது முகம் கோணி ஏதாவது சொல்லியிருந்தால், அதையே சாக்காக வைத்து வெளியேறியிருக்கலாம். மனிதர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அவரோடுதான். ஊருக்கு வெளியே பெரிய நீர்த்தேக்கம் இருந்தது. அதில் பாஸ் என்றொரு மீன். அகலமான வாயும் சிடுசிடுத்த முகமுமாக, மூழ்கிய மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதைப் பிடிப்பதில் பெரியவருக்கு வெறி. "பெரிய பாஸும் சின்ன பாஸும் பாஸ் பிடிக்கப் போயிட்டாங்க" என்று கடையில் இருக்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சின்னவருக்கு மீன் மேல் ஆசையும் கிடையாது, பகையும் கிடையாது. துடுப்புப் போடுவார், மாட்டின மீனை அள்ள வலைக்கரண்டியை நீட்டுவார், ரப்பர் மீனில் தூண்டில் முள் கோர்த்துக் கொடுப்பார்.

ரப்பர் மீன் என்று அவர்கள் சொன்னது விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று இருக்கும் பிளாஸ்டிக் மீன்குஞ்சு. அதில் முள் கோர்ப்பது பார்க்கத்தான் சுலபம். முள்ளின் நுனியை மூக்கில் குத்தித் தாடைக்குக் கீழே வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் வளைந்த கழுத்து மூக்குக்குள் போய் உட்காரும்வரை இழுத்து, அப்படியே திருப்ப வேண்டும். பிறகு முள்ளை மீனின் பக்கவாட்டில் வைத்து, நுனி வயிற்றில் எங்கே நுழைய வேண்டும் என்று கண்ணால் அளந்து, அங்கே குத்தி முதுகு வழியாகக் கொண்டுவந்து, நுனியை மட்டும் முதுகுத் தோலுக்கு அடியில் லேசாக ஒளித்து வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பாசியிலும் கிளையிலும் சிக்காது. பாஸ் கடித்து அழுத்தினால் மட்டும் முள் வெளியே வரும். ஒரு நூல் கோணினாலும் போச்சு. ரப்பர் மீன் நீந்தாது, பம்பரம் மாதிரி சுற்றும். தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். பாஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்த வேலை சின்னவர் கைக்கு வந்தது எப்படி என்றால், ஒரு ஞாயிறு பெரியவர், "கண்ணாடியை மறந்து வச்சிட்டு வந்துட்டேன் தம்பி, இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க" என்றார். அடுத்த ஞாயிறும் மறந்தார். கண்ணாடிக் கடை முதலாளி வாராவாரம் கண்ணாடியை மறக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? சின்னவர் ஒன்றும் கேட்கவில்லை. கடையிலும் பொடித் திருகாணி முடுக்குகிற வேலையெல்லாம் மெல்ல மெல்ல இவர் மேசைக்கு நகர்ந்து வந்தது. பெரியவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேசப் பழகியிருந்தார். உள்ளே அந்தக் கை ஆடுவது துணியில் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தொழிற்சாலை நண்பன் ஒருவன் போன் செய்தான். வேறு ஊரில் புதிதாக ஒரு லென்ஸ் கூடம் திறக்கிறார்களாம், மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். "உன்னை விட்டா எனக்கு வேற யாரும் தோணல. திங்கட்கிழமை ஒரு பதில் சொல்லு" என்றான். சின்னவர் இதை மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "நாம மட்டும் ஒரு வீட்டுலயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி சின்னவரைத் தூங்க விடவில்லை.

வாரம் முழுவதும் சொல்கிறேன் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டார். ஞாயிறு காலை மனைவி டிபன் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "படகுல வச்சு சொல்லிடுங்க. அங்க அவரும் எழுந்து போக முடியாது, நீங்களும் மாடிக்கு ஓடி வர முடியாது."

அன்று நீர்த்தேக்கத்தில் போட்டி. சாயங்காலத்துக்குள் பெரிய பாஸ் கொண்டுவருகிறவருக்குக் கோப்பை. போன வருஷக் கோப்பை பெரியவர் கடையில், கண் பரிசோதிக்கிற நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. கண்ணைச் சோதித்துக்கொள்ள வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மற்றப் படகுகள் எல்லாம் திறந்த நீருக்குப் போக, பெரியவர் மோட்டாரைக் கரையோரமாகத் திருப்பினார். பாதி மூழ்கிய மரங்கள் நெருக்கமாக நிற்கிற ஒரு ஒதுக்கு அங்கே இருந்தது. படகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு சந்து.

"உள்ள போனா சொர்க்கம் தம்பி" என்றார் பெரியவர்.

சின்னவர் கிளைகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டே படகை உள்ளே நுழைத்தார். பட்ட மரங்கள் நாலா பக்கமும் நின்றன. வந்த வழி எது என்று திரும்பிப் பார்த்தால் சட்டென்று தெரியவில்லை.

பெரியவர் வீசத் தொடங்கினார். வீசுவதில் அவருக்கு நடுக்கம் இல்லை. தோளிலிருந்து கிளம்புகிற வேலை அது. ரப்பர் மீன் ஒரு சாய்ந்த மரத்தைத் தாண்டி விழும். அதை மூழ்கவிட்டு, தூண்டில் கம்பின் நுனியால் இரண்டு சின்ன வெட்டு வெட்டி, நரம்பைத் தளர்த்திச் சும்மா இருப்பார். அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி அது துள்ளி, சரிந்து, சாகக் கிடப்பதுபோல் இறங்கும். பாஸ் வருவது அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான். பொறுமை இல்லாமல் இழுத்தால் வராது.

சின்னவர் தொண்டையைச் செருமினார். "அண்ணா, ஒரு விஷயம் பேசணும்."

"ஷ்" என்றார் பெரியவர். நரம்பு ஒரு பக்கமாக நகர்ந்தது. கம்பை ஓங்கினார், வளைந்தது, தண்ணீர் கலங்கியது. சின்னவர் வலைக்கரண்டியோடு எழுந்தார். நல்ல மீன். கோப்பைக்குப் போதாது, ஆனாலும் நல்ல மீன். அதைப் படகின் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, கிழிந்த ரப்பர் மீனைக் கழற்றிப் புதிதாக ஒன்றைக் கோர்த்துக் கொடுப்பதற்குள் பேச வேண்டிய பேச்சு ஆறிப்போய்விட்டது.

இரண்டாவது தடவை வாயைத் திறந்தபோது பெரியவரே முந்திக்கொண்டார். "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தம்பி. கடைக்குப் புது போர்டு எழுதச் சொல்லியிருக்கேன். உங்க பேரும் சேர்த்துத்தான். எனக்குப் பிறகு நீங்கதானே."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சின்னவர் முகம் சந்தோஷத்துக்குத் தயாரானது, உதடு சிரித்தது, தலை தானாக ஆடியது. உள்ளே மட்டும் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது. சாப்பிட்டார்கள். மறுபடி வீசினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது.

படகு லேசாகச் சாய்ந்தபோதுதான் சின்னவர் கவனித்தார். மரங்களின் மேல் ஈரக்கோடு ஒரு முழம் உயரத்தில் தெரிந்தது. அணைக்கட்டில் மதகைத் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. துடுப்பைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார், மோட்டாரையும் ஓடவிட்டுப் பார்த்தார். அடியில் ஏதோ ஓர் அடிமரம் படகின் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. துடுப்பை ஊன்றினால் சேற்றில் புதைந்துகொண்டே போனது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வெளியே வைத்தவரைப் பெரியவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வேண்டாம். வேர் எங்க இருக்கு, சேறு எவ்வளவு இருக்குன்னு தெரியாது. சாயங்காலம் ஆளைக் காணோம்னா தேடிட்டு வருவாங்க."

போனில் சிக்னல் இல்லை. பெரியவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கம்பை எடுத்து மறுபடி வீசினார். ரப்பர் மீன் ஒரு கிளையில் மாட்டி, நரம்பு அறுந்தது.

"இன்னொண்ணு கோத்துக் குடுங்க தம்பி" என்று கையை நீட்டினார்.

சின்னவர் பெட்டியைத் திறக்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. ஆடாத படகு, அசையாத மரங்கள், நீட்டிய கை. "அண்ணா, நான் வேற ஊருக்குப் போகலாம்னு இருக்கேன். வேலை வந்திருக்கு. நாளைக்குப் பதில் சொல்லணும்" என்றார். சொல்லி முடித்ததும், மாட்டியிருந்த எலும்பு தொண்டையிலிருந்து இறங்கினதுபோல் இருந்தது.

பெரியவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். "வசதி ஏதாவது குறைவா?" என்று கேட்டார்.

"குறையே இல்லைண்ணா. அதான்" என்றார் சின்னவர்.

"சரி" என்றார் பெரியவர். பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு முள்ளை எடுத்தார், ஒரு ரப்பர் மீனை எடுத்தார். "இது என்ன பெரிய வித்தையா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முள்ளை நரம்பில் கட்டுவதற்கே வெகுநேரம் பிடித்தது. நரம்பின் நுனி முள்ளின் காதைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. உதவிக்கு நீண்ட சின்னவர் கையை முழங்கையால் தள்ளிவிட்டார். மூக்கில் குத்தி இழுத்தார், சரி. திருப்பினார், அதுவும் சரி. வயிற்றில் குத்துகிற இடத்தில் கை ஒரு துள்ளுத் துள்ளியது. வழுக்கின முள் ரப்பர் மீனின் முதுகைக் கிழித்துக்கொண்டு பெரியவரின் இடது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே உள்ள சதையில், ஆழமாக இறங்கியது.

அவர் கத்தவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நுனியில் பின்பக்கமாகச் சாய்ந்த கொம்பு ஒன்று உண்டு. உள்ளே போனால் வந்த வழியே திரும்பி வராது. அதற்காகத்தானே அதை அப்படிச் செய்கிறார்கள்.

சின்னவர் குறுக்குப் பலகையைத் தாண்டி அவர் முன்னால் மண்டியிட்டார். ரப்பர் மீனைக் கத்தியால் அறுத்து எடுத்தார். ஒரு துண்டு நரம்பை மடித்து முள்ளின் வளைவில் சுருக்காக மாட்டினார். முள்ளின் காதைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்தி, கொம்பின் பிடியைத் தளர்த்திக்கொண்டு, நரம்பைப் பின்பக்கமாக ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தயங்கினால் கிழிந்துவிடும். அதற்குக் கை அசையாமல் இருக்க வேண்டும். பெரியவரின் கையைத் தன் தொடைமேல் வைத்து அழுத்தினார். அது அடங்கவில்லை. இத்தனை நாள் தூரத்தில் பார்த்த நடுக்கம் இப்போது அவர் தொடைவழியே உடம்புக்குள் ஏறியது.

"எவ்வளவு நாளாண்ணா?"

பெரியவர் மரங்களைப் பார்த்தார். "டாக்டர் நரம்புல கோளாறுன்னார். தூண்டில் நரம்பைச் சொல்றாரோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். போன வருஷம் கோப்பை வாங்கினேனே, அதுக்கு முன்னாடியே. அதுக்கு ஒரு பேரும் இருக்கு. பேரைச் சொன்னா இன்னும் கொஞ்சம் ஆடும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்க மாட்டீங்கன்னும் தெரியும். அதனாலதான் உங்களையே கூட வச்சுக்கிட்டேன்."

சின்னவர் இழுத்தார். முள் வந்துவிட்டது. ரத்தம் பொட்டாக ஊறி வழிந்தது. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டார். குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, கைக்குட்டையால் சுற்றிக் கட்டிய பிறகும் சின்னவர் அந்தக் கையை விடவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. பாவப்பட வேண்டிய நேரத்தில் ஏன் கோபம் வருகிறது என்று அதற்கும் சேர்த்துத் தன் மேலேயே கோபம் வந்தது. காலையில் இவர் ஆரோக்கியமான மனிதராக இருந்தபோதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இனிமேல் போனால், நோயாளியை விட்டு ஓடினவன்.

"நீங்க போங்க தம்பி" என்றார் பெரியவர் மெதுவாக. "நான் தடுக்க மாட்டேன். ஆனா இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போகவும் சொல்லிவிட்டார், வாயையும் கட்டிவிட்டார். சின்னவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். இருவரும் எதிரெதிர்ப் பலகையில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைந்திருந்த அடிமரம் கறுப்பாக மேலே வந்து, படகு அதன்மேல் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது. பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"டிபன்ல ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்லைண்ணா."

வெயில் சாய்ந்தபோது படகுத்துறைக்காரர் தேடிக்கொண்டு வந்தார். சந்துக்கு வெளியே நின்று அவர்களைப் பார்த்துவிட்டு, "மீன் பிடிக்கச் சொன்னா மரத்துல ஏறி உட்கார்ந்திருக்கீங்க" என்றார். கயிறு வீசி, கட்டி, இழுத்து, ஒருவழியாகப் படகு அலறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. கரை சேர்ந்தபோது கோப்பையை வேறு யாருக்கோ கொடுத்து முடித்திருந்தார்கள். பெரியவர் தொட்டியிலிருந்த பாஸைத் தூக்கிக் கரையோரத்திலேயே விட்டார். கையில் என்ன கட்டு என்று கேட்டவர்களிடம், "தம்பி கோத்ததுல குத்திக்கிட்டேன்" என்று சிரித்தார்.

மாடியில் மனைவி கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"போகச் சொல்லிட்டார்." அவ்வளவோடு நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் மனைவி முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வருவதைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், யாரிடமும் சொல்லக்கூடாது என்பது உட்பட.

"உங்க வாயைக் கட்டலாம். என் வாயை அவர் எப்படிக் கட்ட முடியும்? அவ என் அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சின்னவர் பின்னாலேயே ஓடினார்.

அண்ணி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தங்கை சொன்னதை அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள். "எனக்குத் தெரியாதா? எத்தனை நாளா அரை டம்ளர் காப்பி ஊத்திக் குடுக்கிறேன், சிந்தக் கூடாதேன்னு. முழுசா ஏன் குடுக்கலைன்னு அவரும் ஒரு நாள் கேட்டதில்லை. அவரா சொல்லட்டும்னு இருந்தேன்." வாசல் நிலையில் பெரியவர் வந்து நின்றிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, எல்லாரும்" என்றாள். "டாக்டர் என்ன சொன்னார்னு முதல்லேர்ந்து சொல்லுங்க."

மறுநாள் சின்னவர் நண்பனுக்குப் போன் செய்து முடியாது என்று சொன்னார். நண்பன் காரணம் கேட்டான். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றார். அது உண்மைதான். போனை வைத்த பிறகு கடையின் பின்கட்டில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தார். வார இறுதியில் புது போர்டு வந்தது. அவர் பேர் பெரியவர் பேருக்குச் சமமான எழுத்தில் இருந்தது. எதிர்க்கடைக்காரர் வந்து கைகொடுத்தார். சின்னவரும் கொடுத்தார்.

மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. சில நாள் கழித்து, தலை வாரிக்கொண்டே, "வேற ஊரு வேண்டாம். வேற தெரு?" என்றாள்.

சின்னவர் திரும்பிப் பார்த்தார்.

"நடந்தே வந்துடலாம். அக்காவுக்கு ஒண்ணுன்னா நானும் ஓடி வந்துடுவேன். ஆனா ராத்திரி கதவைச் சாத்தினா நம்ம கதவா இருக்கணும்."

அதைப் பெரியவரிடம் சொல்ல அவருக்குப் படகு தேவைப்படவில்லை. கடையிலேயே, கூட்டம் குறைந்த மத்தியானத்தில் சொன்னார். பெரியவருக்கு வலித்தது. முகத்தில் தெரிந்தது. அண்ணி இரண்டு நாள் தங்கையோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவளே வந்து பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கிடைத்த வீடு ஒன்றும் பிரமாதம் இல்லை. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஜன்னல் ஒன்று மூடவே மூடாது. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

குடிபோன வாரக் கடைசியில் பெரியவர் வந்தார். வாசலில் மணியடித்து, கதவு திறக்கிறவரை நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். சின்னவருக்கு அது சங்கடமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. மனைவி காப்பி கொடுத்தாள். பெரியவர் கையை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். சிந்தியது. துடைத்துக்கொண்டார்.

"தண்ணி திரும்ப ஏறிடுச்சாம் தம்பி. இந்த ஞாயித்துக்கிழமை போகலாமா?"

சின்னவரின் தலை வழக்கம்போல் ஆடப் பார்த்தது. மனைவி மூடாத ஜன்னலில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஞாயிறு வேண்டாம்ணா" என்றார். "வீட்டுல வேலை இருக்கு."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு எழுந்து போய், அந்த அட்டையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.